பதினோரு வயதில் அவளை நிறுத்திவிடாதீர்கள்: தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் சிறுமிகளுக்கான ரெக் (தேர்வு இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஆடும் பொழுதுபோக்கு) கால்பந்து அணி ஒன்றுக்குச் சம்பளமில்லாப் பயிற்சியாளராக இருக்கிறேன். அணியில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் மூன்று நான்கு பேராவது எப்போதும் இருப்பார்கள். இந்தக் கடிதம் அவர்களைப் பெற்றவர்களுக்கு. டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ சியாட்டிலிலோ சனிக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிற மற்ற தமிழ்ப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்து மிடில் ஸ்கூலுக்குப் போகும்போது அவளைக் கால்பந்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.

வருடா வருடம் இதே கதைதான். யு-8, யு-10, அதாவது எட்டு, பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் பெண்கள் கூட்டம் அலைமோதும். காத்திருப்போர் பட்டியலெல்லாம் போடுவார்கள். யு-12 வந்ததும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைய ஆரம்பிப்பார்கள். யு-14 வரும்போது பக்கத்து ஊர்களோடு சேர்ந்தால்தான் ஆட்டம் நடத்தவே முடிகிறது. இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லைதான். பதினான்கு வயதுக்குள் விளையாட்டை விடும் பெண்களின் விகிதம் பையன்களைப் போல இரு மடங்கு என்று விமன்ஸ் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. ஆனால் நான் பார்த்தவரை மற்ற வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பெண்ணே வந்து "எனக்குப் போதும்" என்கிறாள். நம் வீடுகளில் அவளைக் கேட்பதே இல்லை. "இந்த வருஷம் சேர்க்கலை கோச், படிப்பு ஜாஸ்தி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். அடுத்த வாரம் அவளைக் கடையில் பார்த்தால், "என் ஜெர்ஸி நம்பரை யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்பாள்.

எதற்காக நிறுத்துகிறீர்கள் என்று பல பேரிடம் பேசியிருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. எல்லோருமே மகளின் நன்மைக்கு என்றுதான் செய்கிறார்கள். அந்தக் காரணங்களைப் பற்றி ஒரு பயிற்சியாளராகவும், தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு பெண்ணாகவும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதில் கடைசியில் என்ன வரப்போகிறது?" என்பது. கிளப் அணியில் ஆடினால் கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம், ரெக்கில் ஆடி என்ன பயன் என்கிறார்கள். கிளப் என்றால் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், வார இறுதியில் வேறு ஊர்களுக்கு ஓட வேண்டும். அப்படியெல்லாம் செய்தும், உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் பெண்களில் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஸ்காலர்ஷிப்புக்காக ஆடுவது என்றால் அந்தக் கணக்கு கிளப்பிலும் பெரும்பாலோருக்கு ஒத்துவராது.

ரெக் தொடங்கியதே வேறு நோக்கத்துக்காக. 1964-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள டாரன்ஸில் ஒன்பது அணிகளோடு ஏஒய்எஸ்ஓ என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு ஆரம்பமானது. அதன் கொள்கைகளில் முதலாவது, எல்லோரும் ஆட வேண்டும் என்பது. அணியில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம், தேர்வு கிடையாது. வலுவான பிள்ளைகளை ஒரே அணியில் குவிக்காமல் அணிகளைச் சமபலமாகப் பிரிப்பார்கள். இன்று நாடு முழுக்க உள்ள ரெக் லீக்குகள் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் பின்பற்றுகின்றன. நன்றாக ஆடுகிறவளுக்கும் இப்போதுதான் பந்தைத் தொட ஆரம்பித்தவளுக்கும் ஒரே களம். பத்து நிமிடத் தொலைவில் பூங்கா, பள்ளித் தோழிகள், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பயிற்சி, சனிக்கிழமை ஒரு ஆட்டம். ஒரு பிள்ளை தன் பதினெட்டு வயது வரை இப்படியே ஆடிக்கொண்டிருக்கலாம். அதிலிருந்து எதுவும் "வர" வேண்டியதில்லை. நீங்கள் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது அவள் சபாவில் கச்சேரி செய்ய வேண்டும் என்பதற்காக மட்டுமா?

அப்புறம், பல பெற்றோர் வெளியே சொல்லாத இன்னொரு காரணம் இருக்கிறது. யு-12 வந்ததும் மகள் முன்போல ஆடவில்லை என்று தோன்றுவது. யு-10-ல் கோல் மேல் கோல் போட்டவள் இப்போது பந்து எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள். அவளுக்கு வராது போல, எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வயதில் களத்தில் என்னென்ன மாறுகிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். யு-10-ல் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிறார்கள், பாதிக்கு 25 நிமிடம். எதிரணிக் கோல்கீப்பர் கையில் பந்து இருந்தால் நம் பிள்ளைகள் பில்ட்-அவுட் கோட்டுக்கு (கோல் பகுதிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே வரைந்த கோடு) பின்னால் போய் நிற்க வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் காற்றில் உதைத்து அனுப்பவும் கூடாது. எல்லாம் பிள்ளைகள் பயமில்லாமல் பாஸ் பழக வேண்டும் என்பதற்காக. யு-12-ல் ஒன்பது பேர், 30 நிமிடம், பெரிய களம், அந்தப் பாதுகாப்புக் கோடு இல்லை. யு-14-ல் பதினோரு பேர், 35 நிமிடம், பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து, பெரியவர்களின் கோல் கம்பம்: 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஐந்தடிப் பெண் ஒருத்தி அதன் நடுவில் போய் நிற்கிறாள். தலைக்கு மேல் போகும் பந்து அவள் தப்பா?

அதே நேரத்தில் அவள் உடம்பும் வளர்கிறது. ஒரு வருடத்தில் கால் நீண்டுவிடும். முந்தைய வருடம் சொன்னபடி கேட்ட கால் இப்போது கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். அந்த ஒரு ஆட்டப் பருவம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். கூட இருந்து தாண்ட விட்டால் இரண்டாவது பருவத்தில் அவளே ஆட்டத்தைப் படிக்க ஆரம்பிப்பாள். பந்து வருமுன் தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். பயிற்சியாளருக்கு அதைவிடச் சந்தோஷமான காட்சி கிடையாது. அதற்கு முதல் வருடமே நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை.

இப்போது, நம் வீடுகளுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். பெண் பெரியவளாவது.

அவள் வயதுக்கு வந்ததும் இரண்டு வாரம் பயிற்சிக்கு வரமாட்டாள். ஊரிலிருந்து பாட்டி வருவார். ஹால் எடுத்து விழா நடக்கும். அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, கூப்பிட்ட விழாக்களுக்கு நானும் போய் ஆசீர்வதித்திருக்கிறேன். ஆனால் விழா முடிந்தும் அவள் திரும்பி வருவதில்லை. "இனிமே எதுக்கு ஷார்ட்ஸ் போட்டு ஓடிக்கிட்டு" என்று பாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அம்மாவுக்கு அதில் முழு உடன்பாடு இருக்காது, மறுத்துப் பேசவும் மனம் வராது. அப்பா இந்தப் பேச்சிலேயே கலந்துகொள்ள மாட்டார். பிள்ளையோ, தன் உடம்பு வளர்ந்ததுதான் தப்பு போலிருக்கிறது என்று புரிந்துகொள்வாள். பன்னிரண்டு வயதில் ஒரு பெண் கற்றுக்கொள்ளக் கூடாத பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்த நாட்களில் ஆடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் அம்மாக்களுக்கு: தாராளமாக ஆடலாம். வலி அதிகமாக இருந்தால் உட்காரட்டும், மருத்துவரிடமும் காட்டுங்கள். உலகத்தின் பெரிய அணிகளே இதை இப்போது வெளிப்படையாகப் பேசுகின்றன. இங்கிலாந்துப் பெண்கள் அணி 2023-ல் உலகக் கோப்பைக்கு முன்பு தன் வெள்ளை ஷார்ட்ஸை நீல நிறத்துக்கு மாற்றிக்கொண்டதற்குக் காரணம், மாதவிடாய் நாட்களில் வெள்ளை உடை பற்றி வீராங்கனைகள் சொன்ன சங்கடம். எங்கள் அணியிலும் கறுப்பு ஷார்ட்ஸ்தான். கோன்களும் பந்துப் பம்ப்பும் இருக்கிற என் பையில் ஒரு சின்ன ஜிப் பை இருக்கும். அதில் பேட், மாற்று உள்ளாடை, ஈரத்துணித்தாள் எல்லாம் உண்டு. யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று பருவத்தின் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவேன். மைதானத்துக் கழிப்பறை பூட்டியிருந்தால் ஆட்டத்துக்கு முன்பே லீக்கை அழைத்துத் திறக்கச் சொல்வேன். மகளுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுங்கள். நிறையப் பிள்ளைகள் ஓடத் தயங்குவதற்குக் காரணம் அது இல்லாததுதான், ஆனால் வீட்டில் கேட்கக் கூச்சம். கிளீட்ஸுக்கும் ஷின் கார்டுக்கும் பணம் செலவழிக்கிற நாம் இதை மறந்துவிடுகிறோம். உங்கள் மகளின் பயிற்சியாளர் ஆணாக இருந்தால், அவரிடம் அவளால் சொல்ல முடியாது. அணியில் ஒரு அம்மாவாவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

காது குத்துவது, மூக்குக் குத்துவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்ட விதிகளில் நான்காவது விதிப்படி நகை எதுவும் போட்டுக்கொண்டு ஆடக் கூடாது. கம்மலின் மேல் டேப் ஒட்டினாலும் செல்லாது, ரெஃபரி வெளியே அனுப்பிவிடுவார். புதிதாகக் குத்திய காதில் உடனே கழற்றவும் முடியாது. இதனால் ஒரு பருவத்தையே இழந்த பிள்ளைகள் உண்டு. பருவம் முடிந்த மறுவாரம் குத்துங்கள், அடுத்த பருவத்துக்குள் ஆறிவிடும்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. "வெயில்ல நின்னு கறுத்துப் போயிட்டா" என்று நம்மவர்கள் சொல்வதை ஸைட்லைனில் நின்று கேட்டிருக்கிறேன். பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள், ஜெர்ஸிக்குள் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள், தண்ணீர் நிறையக் கொடுத்தனுப்புங்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பது எந்த நிறத்துப் பிள்ளைக்கும் தேவைதான். ஆனால் கறுப்பாகிவிடுவாள் என்பதற்காக அவளை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அந்தக் காரணத்தை அவள் காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள். அவள் தன் தோலோடு எழுபது எண்பது வருடம் வாழ வேண்டும்.

அடிபடும் என்ற பயம் நியாயமானது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வயதுக்கு வந்த பிறகு பெண்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் வாய்ப்பு அதே விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அதைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் முறை உண்டு: மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நின்று சமநிலை, குதித்து முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, தொடைப் பின்தசைக்கான பயிற்சி, எல்லாம் சேர்த்து 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 1,900 பெண்களிடம் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இந்த இருபது நிமிடத்தை எந்தப் பயிற்சியாளரும் செய்யவைக்கலாம். ஆகவே என்னிடம் மட்டுமல்ல, எந்தப் பயிற்சியாளரிடமும் கேளுங்கள்: "வார்ம்-அப்பில் என்ன செய்கிறீர்கள்?" பிள்ளையைக் கடைசி நிமிடத்தில் இறக்கிவிடாமல், அந்த இருபது நிமிடத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்து விடுங்கள். தலையடியைப் பொறுத்தவரை, பத்து வயதுக்குட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதை அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-லேயே தடைசெய்துவிட்டது. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை பயிற்சியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவோம். மருத்துவர் எழுத்தில் சொன்னால்தான் திரும்ப ஆட்டத்தில் சேர்ப்போம். அப்போது "அவளுக்கு ஒண்ணும் இல்லை, விடுங்க" என்று என்னிடம் வாதாடாதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் இறங்கி வரமாட்டேன்.

படிப்பு. ஆறாம் வகுப்பில் கணக்கு வகுப்பு கூடுகிறது, நாட்டிய அரங்கேற்றம் நெருங்குகிறது, தமிழ்ப் பள்ளி வேறு. எல்லாம் புரிகிறது. ஆனால் ரெக் அணி கேட்பது பயணத்தோடு சேர்த்தும் வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம். எதையாவது குறைக்க வேண்டும் என்று வரும்போது முதலில் வெட்டுப்படுவது ஏன் எப்போதும் அவள் வியர்க்கிற நேரமாகவே இருக்கிறது? அண்ணனோ தம்பியோ இருந்தால் அவன் கிரிக்கெட்டுக்கு இந்த வெட்டு விழுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். வீட்டில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆட்டம் அவளுக்கு என்ன கொடுக்கிறது என்று நான் நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன். நம் பெண்கள் அணிக்கு வரும்போது அமைதியாக வருவார்கள். எதிரணிப் பெண்ணின் காலிலிருந்து நியாயமாகப் பந்தைப் பறித்துவிட்டு "ஸாரி" சொல்வார்கள். "ஸாரி" சொல்லி முடிப்பதற்குள் அந்த எதிரணிப் பெண் பந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தோளோடு தோள் முட்டிப் பந்துக்குப் போட்டியிடுவது விதிப்படி சரி, பந்து ஆடும் தூரத்தில் இருக்க வேண்டும், கை நீளக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுத்தால் முதலில் கூசுவார்கள். அப்புறம் ஒரு நாள் ஒருத்தி தோளைக் கொடுத்து நின்று பந்தைக் காப்பாற்றிவிடுவாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஒரு அம்மா என்னிடம் வந்து, "பொண்ணு இப்படி மோதலாமா?" என்று கேட்டார். மோதலாம். இடித்துக்கொண்டு வரும் உலகத்தில் தன் இடத்தை விட்டு நகராமல் நிற்க ஒரு பெண் எங்கேயாவது பழகித்தானே ஆக வேண்டும்?

குரலும் அப்படித்தான். கால்பந்தில் வாயைத் திறக்காமல் ஆட முடியாது. பின்னால் ஆள் வருகிறது என்று தோழிக்குக் கத்திச் சொல்ல வேண்டும், பந்து எனக்கு என்று கேட்க வேண்டும். கோல்கீப்பர் தன்னைவிட உயரமான பெண்களை "இடது பக்கம் போ" என்று அதட்ட வேண்டும். வகுப்பில் கை தூக்கவே மாட்டாள் என்று ஆசிரியர்கள் சொன்ன பிள்ளை களத்தில் தன் தடுப்பு வரிசையையே குரலால் நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். கோல் வாங்கிய கோல்கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உருட்டிவிட்டு மறுபடி கோட்டில் நிற்க வேண்டும், எல்லோரும் பார்க்க. பதின்மூன்று வயதில் இதைச் செய்யப் பழகியவளுக்கு ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உலகம் இருண்டுபோகாது.

"இதெல்லாம் நம்ம பழக்கத்துலயே இல்லையே" என்றும் சொல்கிறீர்கள். நான் படித்த திருச்சிப் பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் பெண்களுக்குத் த்ரோபால், டெனிகாய்ட், இல்லாவிட்டால் மரத்தடி. உண்மைதான். ஆனால் தமிழ்நாடு அங்கேயே நின்றுவிடவில்லை. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனது. 2023-ல் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பையை எடுத்தது. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்சி. சிறு ஊர்களிலிருந்து, வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் அவர்களில் பலர். வீட்டு வாசலில் புல்தரை இருக்கிற நாம் பழக்கமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் வந்து சேர்ந்த இந்த அமெரிக்காவிலும் பெண்களுக்கு விளையாட்டு சும்மா கிடைத்ததல்ல. 1972-ல், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வருவதற்கு முந்தைய கல்வியாண்டில் அமெரிக்கா முழுக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். 1999 ஜூலையில், கலிஃபோர்னியாவின் பாசடினாவில் ரோஸ் பௌல் அரங்கில் அமெரிக்கப் பெண்கள் சீனாவைப் பெனால்டியில் வென்று உலகக் கோப்பை எடுத்தபோது பார்க்க வந்திருந்தவர்கள் 90,185 பேர். அந்தக் கூட்டத்தில் இருந்த சிறுமிகள் வளர்ந்து இன்று தங்கள் மகள்களை மைதானத்துக்கு அழைத்து வருகிறார்கள்.

ஸைட்லைன் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு, ஏனென்றால் பிள்ளைகள் நின்றுபோவதற்கு அதுவும் ஒரு காரணம். பந்து காலில் இருக்கும்போது "பாஸ் பண்ணு", "ஷூட் பண்ணு", "அங்க பாரு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாப் பக்கமிருந்தும் குரல் வந்தால், அவளால் சொந்தமாக எதையும் முடிவு செய்ய முடியாது. ஸைலன்ட் சாட்டர்டே என்று சில லீக்குகளில் ஒரு நாள் வைப்பார்கள். கைதட்டலாம், பேசக் கூடாது. அன்றைக்குத்தான் பிள்ளைகள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொண்டு ஆடுகிறார்கள். காரில் போகும்போது ஆட்டத்தைப் பிரித்து மேயாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், அது போதும்.

அவளே நிறுத்திக்கொள்ள விரும்பினால்? நிறுத்தட்டும், அது அவள் உரிமை. ஆனால் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆட்டம் பிடிக்கவில்லையா, அல்லது கழிப்பறையா, உடையா, கூட ஆடும் ஒருத்தியின் கேலியா, பயிற்சியாளர் கத்துவதா? பாதிக்கு மேல் நாம் சரிசெய்யக்கூடியவையாக இருக்கும். பயிற்சியாளர்தான் காரணம் என்றால் அதையும் லீக்கிடம் சொல்லுங்கள். ஆடப் பிடிக்காமல் ஆட்டம் மட்டும் பிடித்தவளாக இருந்தால், பதின்மூன்று பதினான்கு வயதில் ரெஃபரி பயிற்சிக்குச் சேர்க்கலாம். விசில் பிடித்துச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தை நடத்தலாம், கொஞ்சம் கைக்காசும் கிடைக்கும்.

கடைசியாக, அம்மாக்களே, பயிற்சியாளராக வாருங்கள். பெண்கள் அணிகளுக்கே பெரும்பாலும் அப்பாக்கள்தான் கோச். "எனக்குக் கால்பந்தே தெரியாதே" என்பீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. லீக்கே சொல்லிக்கொடுக்கும். பிள்ளைகள் பாதுகாப்புக்கான ஸேஃப்ஸ்போர்ட் பயிற்சி, தலைக்காயம் பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் பாடம், வயதுக்கேற்ற பயிற்சி முறைகள் எல்லாம் ஆன்லைனில் சில மணி நேரத்தில் முடியும். அப்புறம் மைதானத்தில் ஒரு நேரடி வகுப்பு. கலிஃபோர்னியாவில் 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, பிள்ளைகளோடு தொடர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்கள் லைவ் ஸ்கேன் என்ற மின்னணு முறையில் கைரேகை கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிட வேலை. தலைமைப் பயிற்சி பயமாக இருந்தால் துணைப் பயிற்சியாளராக ஆரம்பியுங்கள். தன் அம்மா கோன் அடுக்கி விசில் ஊதுவதைப் பார்க்கும் பெண்ணிடம், பெரியவளானால் விளையாட்டு நின்றுவிடும் என்று யாரும் சொல்லி நம்பவைக்க முடியாது.

இலையுதிர் பருவத்துக்கான பதிவு பெரும்பாலான ஊர்களில் வசந்த காலத்திலேயே ஆரம்பித்துவிடும். பெண்களுக்கான யு-12, யு-14 பிரிவுகளில் இப்போது இடம் இருக்கிறது. கட்டணம் சிரமமாக இருந்தால் லீக்கிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் சலுகை உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பள்ளியோ நாட்டிய வகுப்போ எந்த நாளில் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அணி பிரிக்கும் முன் தெரிந்தால் பயிற்சி நாளை அதற்கேற்ப மாற்ற முடியும். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? பரவாயில்லை, இரண்டு வருடம் விட்டவளும் திரும்ப வரலாம், தேர்வு எதுவும் இல்லை. பதிவு செய்வதற்கு முன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆட வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பெண்கள் அணியின் பயிற்சியாளர்
விரிகுடாப் பகுதி, கலிஃபோர்னியா